தலைக்குத் தண்ணீர்

ஆலா விண்நிலையத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வரும் அழைப்பில் மருதாசலம் பெரும்பாலும் மற்றவர்களைப் பற்றித்தான் பேசுவார். யாருக்குப் பல்வலி, எந்த மின்விசிறி கரகரக்கிறது, வங்கக் கடலில் எந்தப் பக்கம் புயல் திரண்டுகொண்டிருக்கிறது, இப்படி. தனக்கு இன்னது வேண்டுமென்று அவர் கேட்டு கோகிலவாணி அறிந்ததில்லை. அதனால் அன்றைக்கு அவர் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு அதைச் சொன்னபோது அவளுக்கு முதலில் சரியாகப் பிடிபடவில்லை.

“தலைக்குத் தண்ணி வாத்துக்கோணும் போல இருக்குது அம்மிணி,” என்றார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் குளிப்பதை அப்படித்தான் சொல்வார்கள். தண்ணி வார்த்துக்கொள்வது. பூமியில் அது தினசரிப் பேச்சு. பூமிக்கு நானூறு கிலோமீட்டர் உயரத்தில், எடை என்பதே இல்லாத ஒரு கூண்டுக்குள், அப்படியொரு காரியமே கிடையாது. அங்கே சொம்பைக் கவிழ்த்தாலும் தண்ணீர் சொம்புக்குள்ளேயே இருக்கும். உதறினால் உருண்டையாகக் கிளம்பி மிதந்து போகும். உடம்பில் பட்டால் வழியாது. கூழ் மாதிரி தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கை தண்ணீர் முகத்தில் ஒட்டி மூக்கை மூடிவிட்டால் மூச்சு முட்டி ஆளே போய்விடலாம். இதையெல்லாம் கோகிலவாணியை விட நன்றாகத் தெரிந்தவர்கள் நாட்டில் அதிகம் பேர் இல்லை. விண்வெளியில் வாழ்பவர்கள் உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டிய சாதனங்களை வடிவமைக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் தலைவி.

“அங்க எப்படீங் வாக்கறது?” என்று கேட்டாள்.

தெரியும், சும்மா சொன்னேன் என்று சிரித்துவிட்டு அவர் மறுபடி புயலுக்குப் போய்விட்டார்.

ஆனால் அது சும்மா சொன்ன பேச்சில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அழைப்பு முடிந்த பிறகும் வெகுநேரம் அந்தத் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் அவர்கள் பீளமேட்டில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். அவள் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில், தயாராகி வரும் பம்புகளை ஓடவிட்டுச் சோதிக்கும் பிரிவில் இருந்தாள். அவர் விமானப் படையில் பொறியாளர். சிறுவாணித் தண்ணீர் வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் குழாயில் வரும். வருகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டால் அது திருவிழா. அவர் பலகை போட்டு உட்கார்ந்துகொள்வார். அவள் சீயக்காயைக் குழைத்துத் தலையில் தேய்த்து, சொம்பு சொம்பாக வார்ப்பாள். எவ்வளவு சூடாக விளாவி வைத்தாலும் முதல் சொம்புக்கு அவர் தோள் இரண்டையும் குறுக்கிக்கொள்வார். ராணுவத்தில் இருந்துகொண்டு தண்ணிக்குப் பயப்படுகிறீர்களே என்று கேலி செய்வாள். பிறகு அவள் உட்காருவாள், அவர் வார்ப்பார். அவருக்குச் சரியாக வார்க்கத் தெரியாது. பாதித் தண்ணீர் சுவருக்குப் போகும்.

அவர் விண்வெளிக்குத் தேர்வாகி, முதல் தடவை ஆறு மாதம் மேலே இருந்துவிட்டு வந்தபோது, வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குத்தான் போனார். தொட்டி காலியாகி, கீழே குடியிருந்தவர்கள் மேலே வந்து கதவைத் தட்டும் வரை அவர் வெளியே வரவில்லை. மேலே எதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டீர்கள் என்று அவள் கேட்டாள். சாப்பாடு, தூக்கம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள். வேர்வைதான் என்றார். அங்கே வேர்வை வழியாது, சொட்டாது. இன்னொரு தோல் மாதிரி உடம்பிலேயே தங்கிவிடும். ஈரத் துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். தலைக்கு ஒரு நுரை. தடவி, துடைத்தெடுக்க வேண்டும். சில நாட்களில் தன் வாடை தனக்கே பொறுக்காமல் போய்விடும் என்றார்.

தண்ணீரைப் பத்து மாடி ஏற்றிப் பழகியவளுக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் அந்த நினைப்பு விடவில்லை. மறு வருடம் பம்ப் கம்பெனியை விட்டு, அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள்.

அவர் இரண்டாம் முறை போனது இரண்டு வருட வேலைக்கு. போன சில மாதங்களில் செத்துக் கிடந்த இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறின. அந்தத் துண்டுகள் மற்றவற்றில் மோத, பூமியைச் சுற்றி ஒரு குப்பை வளையமே உருவாகிவிட்டது. ஆளில்லாத சரக்குக் கலங்களை அனுப்பினார்கள். அவற்றில் பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்தன. ஆனால் ஆட்களை ஏற்றி அந்தக் குப்பைக்குள் இறக்க யாரும் துணியவில்லை. குப்பையைப் பெருக்கி வழி உண்டாக்க ஏழு வருடம் ஆயிற்று. வழி திறந்த பிறகு நிலையத்தில் இருந்த மூன்று பேரையும் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எடையில்லாமலே இத்தனை காலம் இருந்ததில் இதயம் சுருங்கியிருந்தது. எலும்பு வலுவிழந்திருந்தது. இறங்குகிற அதிர்ச்சியையும் அதன் பிறகு தங்கள் உடம்பின் எடையையும் இவர்களால் தாங்க முடியாது, கீழே கொண்டுவந்தால் ஒரு நாள் கூட உயிரோடிருக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மருதாசலம், பிலிப்பைன்ஸ்காரியான மாரிசெல், கசக்ஸ்தான்காரர் ஒருவர். மூவரும் மேலேயே தங்கிவிட்டார்கள். புதிதாக ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். நிலையத்தின் ஒரு பகுதியை ஒரு சுற்றுலா நிறுவனம் எடுத்து, பணக்கார விருந்தினர்களைச் சில நாட்கள் தங்கவைத்து அனுப்பியது. அவர்கள் ஜன்னலோரம் மிதந்து படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போவதை இந்த மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோகிலவாணிக்கு வேலை என்பது அதன் பிறகு வேறு ஒன்றாகிவிட்டது. அவர் உடம்பைத் துடைக்கும் துணியின் மெதுமை, அதில் ஊறும் திரவத்தின் மணம், முடி வெட்டும்போது உதிர்வதை உறிஞ்சிக்கொள்ளும் சீப்பு, விழுங்கினாலும் கெடுதல் செய்யாத பற்பசை, எல்லாம் அவள் கைபட்டுத்தான் மேலே போயின. அந்தத் துணியில் மூன்று மாதம் தன் கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவாள். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அவரைத் தொடுவதற்கு அவளுக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

ஒரு காரியத்தை இருவரும் பேசாமல் வைத்திருந்தார்கள். திரையில் அவர் முகத்தை மட்டும்தான் காட்டுவார். கேமரா கழுத்துக்குக் கீழே இறங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் ஒரு படம் வரைந்தாள். தண்ணீர் விழ வேண்டுமென்றால் எடை வேண்டும். எடை வேண்டுமென்றால் சுழல வேண்டும். ராட்டினத்தில் சுற்றும்போது ஆளை வெளிப்பக்கமாகத் தள்ளுமே, அந்தத் தள்ளலையே தரையாக்கிக்கொள்ளலாம். இது புதிய யோசனையில்லை. மருத்துவர்கள் முன்பே ஒரு சுழலும் படுக்கையை மேலே அனுப்பி, இதயத்துக்கு நல்லது, தினமும் படுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். படுத்தவர்கள் எல்லாரும் தலை சுற்றி வாந்தியெடுத்தார்கள். அது மூலையில் மடக்கிப் போடப்பட்டுக் கிடந்தது. கோகிலவாணி வரைந்தது ஆள் உட்காரக்கூடிய ஒரு பெரிய உருளை. உள்ளே ஓர் இருக்கை, காலடியில் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித் திரும்பக் கொடுக்கும் ஒரு சின்னப் பம்ப். ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் படத்தைப் பார்த்ததுமே அதற்குக் கிரைண்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இயக்குநர் அருளானந்தம் கெட்ட மனிதரில்லை. மருதாசலத்தின் பெயரைச் சொன்னாலே குரல் தாழ்ந்துவிடும். ஆனாலும் அவள் கொண்டுபோன திட்டக் கோப்பை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். மூன்று பேர் குளிப்பதற்காக ஒரு தனி அறையையும் அவ்வளவு மின்சாரத்தையும் கேட்டால் மேலிடத்தில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கே தெரியாதா என்றார். துடைக்கும் துணி இருக்கிறது. அதையும் அவள்தான் செய்தாள். அது நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டனுப்பினார். சுற்றுலா நிறுவனத்துக்கு எப்படியோ படம் போயிருந்தது. விண்வெளியில் மழையில் நனையலாம் என்று விளம்பரம் செய்ய அவர்களுக்கு ஆசை. முழுச் செலவையும் ஏற்கிறார்கள். ஒரே ஒரு மாற்றம்தான்: அவர்களுடைய விருந்தினர்கள் ஜோடி ஜோடியாக வருகிறவர்கள், அதனால் இருக்கை இரண்டு வேண்டும்.

அவள் கோப்பைத் திருத்தி எழுதினாள். முன்பு ‘நிலையவாசிகள்’ என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் ‘விருந்தினர்’ என்று மாற்றினாள். அதை எழுதும்போது வாய் கசந்தது. எழுதினாள். விருந்தினர் பயன்படுத்தாத நேரத்தில் மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேர்த்தாள். அதை யாரும் எதிர்க்கவில்லை.

உருளையைப் பொருத்த வடிவமைத்தவரே இரண்டு வாரம் மேலே போக வேண்டும் என்று முடிவானபோதுதான் மருதாசலம் தடுத்தார். உனக்கு வயதாகிவிட்டது, தலை சுற்றும், வேறு யாரையாவது அனுப்பச் சொல் என்றார். அவள் உடல் தகுதிச் சோதனைக்குப் போய்வந்தாள். ஐம்பதைத் தாண்டியவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நிலையத்துக் கதவு திறந்தபோது அவளுக்குக் குமட்டலில் கண் இருண்டிருந்தது. எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்கள். பார்த்தால் அவர். தலை நரைத்திருந்தது. முகம் திரையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் உப்பியிருந்தது. இடுப்பிலிருந்து கால் வரை ஒரு தூக்கப்பையைச் சுற்றியிருந்தார். குளிர்கிறது என்றார். அங்கே யாருக்கும் குளிரவில்லை.

“காலை மூடாதீங்,” என்றாள் மெதுவாக. “அந்தக் காலுக்கு அளவெடுத்து உறை தெச்சு அனுப்பறவளே நான்தானுங். ஒவ்வொரு வருசமும் எத்தனை சுருங்குச்சுன்னு உங்களை விட எனக்குத் தெரியும்.”

அவர் தூக்கப்பையை விடுவித்தார். அது தனியாக மிதந்து போயிற்று. இரண்டு கால்களும் பத்து வயதுப் பையனுடைய கால்கள் மாதிரி இருந்தன. அவள் குனிந்து, குனிய முடியாமல் உருண்டு, ஒரு பாதத்தைக் கையில் பிடித்தாள். உள்ளங்கால் குழந்தையுடையது போல மெதுவாக இருந்தது. அத்தனை வருடமாக அது எதையும் மிதித்ததில்லை.

உருளையைப் பொருத்தி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. முதலில் அதை ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும். விருந்தினரை வைத்துச் சோதிக்க முடியாது. நிலையத்து மருத்துவர் நஸ்ரின், ராமநாதபுரத்துப் பெண், மருதாசலத்தின் நெஞ்சில் கருவிகளை ஒட்டினாள். நிலாவில் இருக்கிற எடைக்கு மேல் போகக் கூடாது, மயக்கம் வந்தால் கையைத் தூக்குங்கள் என்றாள். இருக்கை இரண்டு இருந்ததால் கோகிலவாணியும் உள்ளே உட்கார்ந்தாள்.

சுழல ஆரம்பித்தபோது முதலில் அவர் கால்கள் தரைக்கு இறங்கின. பிறகு உடம்பு இருக்கையில் மெல்ல அழுந்தியது. மிதந்துகொண்டிருந்த வலது கை தானாக இறங்கி மடியில் விழுந்தது. அவர் அதை வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார். தலையைத் திருப்பாதீர்கள், கிறுகிறுக்கும் என்று அவள் சொன்னாள். அவர் நேராகவே பார்த்துக்கொண்டு தலையாட்டாமல் சரியென்றார்.

அவள் சொம்பில் வெந்நீரைப் பிடித்துச் சாய்த்தாள். சுழலும் அறையில் தண்ணீர் நேராக விழாது, கொஞ்சம் சாய்ந்துதான் விழும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தும், கை பழைய பழக்கத்தில் போய்விட்டது. முதல் சொம்பு தலைக்கு விழாமல் தோளில் விழுந்தது. மிக மெதுவாக, ஒரு கண்ணாடி நாடா இறங்குவது போல விழுந்தது. இரண்டாவது சொம்புக்குக் கையைத் தள்ளிப் பிடித்தாள். அது உச்சந்தலையில் இறங்கி, காதோரம் பிரிந்து, கழுத்தில் கூடி, முதுகில் வழிந்தது.

மருதாசலம் தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டார்.

அவள் தேய்த்தாள், வார்த்தாள், மறுபடி வார்த்தாள். பம்ப் காலடியில் முனகிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து நஸ்ரின், போதுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னார். கடைசியில் துடைத்துவிடும்போது அவர் கண்ணிலிருந்து ஒரு துளி இறங்கிக் கன்னத்தில் ஓடியது. மிச்சத் தண்ணீர் என்று துடைத்தாள். இன்னொன்று ஓடியது. எடையில்லாத இடத்தில் அழுதால் கண்ணீர் விழாது, கண்ணிலேயே திரண்டு நின்று எரியும், அதனால் மேலே எல்லாரும் அழுவதைத் தவிர்ப்பார்கள் என்று நஸ்ரின்தான் பிறகு சொன்னாள்.

நஸ்ரின் இன்னொன்றும் சொன்னாள். அன்று மாலை கருவிகள் எழுதிக் கொடுத்த கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அவளைக் கூப்பிட்டாள்.

“மேடம், அந்தச் சுழல் படுக்கையில சாரை நாலு நிமிஷம் படுக்க வைக்க முடியல. வைத்தியம்னா யாரும் உட்கார மாட்டேங்கறாங்க. இன்னிக்கு அவர் எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டார். தலை சுத்தினதே தெரியலைங்கறார். இதயம் நான் நெனச்சதைவிட நல்லா வேலை செஞ்சிருக்கு.”

“அதுக்கு என்னம்மா?”

“தினமும் குளிக்கட்டும். ஒவ்வொரு மாசமும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டுவோம். ஒன்றரை வருஷமோ ரெண்டு வருஷமோ. முழு எடைக்குப் பக்கத்துல வந்துட்டா, இறக்கிடலாம்.”

கோகிலவாணி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதரின் தலை நனைய வேண்டும் என்பதற்காகத்தான் அவள் இதைச் செய்தாள். அதற்கு மேல் எதையும் அவள் கேட்கத் துணிந்ததில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. விருந்தினர் போக மிஞ்சும் நேரம் ஒருவருக்குத்தான் போதும். இருக்கை இரண்டு இருந்தாலும் ஒவ்வொருவர் இதயத்துக்கும் வேகம் வேறு என்பதால் இருவரைச் சேர்த்துச் சுற்ற முடியாது. சுற்றுலா நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று மரியாதையாகப் பதில் வந்தது. இன்னொரு உருளைக்கு இடமில்லை. அதனால் ஒருவர் முடித்து இறங்கிய பிறகுதான் அடுத்தவர். யார் முதலில் என்பதை அவரவர் இதயத்தின் பலத்தை வைத்து நஸ்ரின் முடிவு செய்தாள். கசக்ஸ்தான்காரர் கீழே தனக்கு யாரும் இல்லை, தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மிஞ்சிய இருவரில் மருதாசலத்தின் இதயம்தான் பலமானது. அவர்தான் முதலில்.

கோகிலவாணி திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, தன் முறையை அவர் மாரிசெல்லுக்குக் கொடுத்துவிட்டார் என்று நஸ்ரின் வந்து சொன்னாள். மாரிசெல் கிளம்பும்போது அவளுக்குக் கைக்குழந்தை. அந்தப் பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அம்மா என்றால் அதற்குத் திரையில் வரும் ஒரு முகம்.

சரக்கு அறையில் அவரைத் தனியாகப் பிடித்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேக்கலை.”

“அது நான் உங்களுக்காகப் பண்ணுனதுங். அந்தப் புள்ளைக்காக இல்லீங். ரெண்டு வருசம் கழிச்சு உங்க ஒடம்பு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?”

“கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப,” என்றார் மருதாசலம். “அப்பறம் அந்தப் புள்ளையை நெனச்சு நெனச்சு நீதான் ஒடஞ்சு போவ. எனக்கு உன்னையத் தெரியாதா? இப்ப என்ற மேல கோவிச்சுட்டுப் போ. கோவம்னா ஆறிரும்.”

அவள் கோபித்துக்கொண்டுதான் போனாள். விடைபெறும்போது கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே வந்த பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அழைப்பை எடுக்கவில்லை. எடுக்கத் தொடங்கியபோது பம்பைப் பற்றி மட்டும் பேசினாள். வடிகட்டி எப்படி இருக்கிறது, அதிர்வு இருக்கிறதா என்று கேட்பாள். அவர் ஒவ்வொன்றாகப் பதில் சொல்வார். மாரிசெல் இந்த மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறாள் என்பதையும் அவள் கேட்காமலே சொல்வார். ஒரு நாள் மாரிசெல்லுக்கு மூச்சுத் திணறி நிறுத்த வேண்டியதாயிற்று என்றபோது அவள் தன்னை அறியாமல், வெந்நீரின் சூட்டைக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். அதிலிருந்து பழையபடி பேச்சு வந்துவிட்டது.

மாரிசெல் இறங்கினாள். தன்னைவிட உயரமாக வளர்ந்திருந்த மகள் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை எல்லாரும் பார்த்தார்கள். சில வாரம் கழித்து கோகிலவாணிக்கு மணிலாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மருதாசலத்திடம் பதினான்கு வருடமாகக் கற்றுக்கொண்ட தமிழில் மாரிசெல், “தண்ணி வாத்துக்கிட்டேன் அக்கா. என்ற பொண்ணு வாத்தா,” என்றாள். அதன் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மருதாசலத்துக்கு அதைவிட அதிகக் காலம் பிடித்தது. நடுவில் ஒரு முறை ஒரு விலா எலும்பு விரிசல் விட்டது. இரண்டு முறை நஸ்ரினுக்குப் பின் வந்த மருத்துவர்கள் போதும் என்று நிறுத்தப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. கடைசியில் அவரைச் சுமந்த கலம் கடலில் இறங்கியபோது கோகிலவாணி கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தாள். படுக்கையோடு தூக்கி வந்தார்கள். மூக்கில் குழாய் இருந்தது. கடல் நாற்றம் அடிக்கிறது அம்மிணி என்று மட்டும் சொன்னார்.

நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் கோயம்புத்தூர் வீட்டுக்கு வந்தார்கள். குளியலறையில் அவள் பிடிமானக் கம்பிகள் பொருத்தியிருந்தாள். சாய்ந்து உட்கார நாற்காலி செய்து வைத்திருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் குழைத்து, வெந்நீர் விளாவி, தலைக்கு வார்த்தாள். தண்ணீர் படபடவென்று விழுந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார். கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். அதன் பிறகு மற்றதையும் பார்க்கத் தொடங்கினாள். குடித்து முடித்த தம்ளரை அவர் காற்றில் விட்டுவிடுவார். அது விழுந்து உருளும்போது ஒவ்வொரு முறையும் திடுக்கிடுவார். படுத்தால் புரள மாட்டார். போர்வை கனக்கிறது என்பார். சாயங்காலங்களில் நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்லி வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிலையம் நகரத்துக்கு மேலே கடந்து போகும் நேரங்கள் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. குளிக்கிற நாள் வந்தால் மட்டும், சந்தோஷமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெந்நீர் வைக்கவில்லை. அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“வலிக்குதுங்களா?”

“கூழாங்கல்லை அள்ளிக் கொட்டற மாதிரி இருக்குது,” என்றார் அவர். “இத்தனை வருசம் இதுக்குத்தான் ஏங்கிக் கெடந்தேன். நீயும் எம்புட்டுப் பாடுபட்டு என்னைய இங்க கொண்டு வந்து சேத்துன. இப்பப் போயி உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

“மேல போகோணும்னு இருக்குதுங்களா?”

“போகோணும்னு இல்லை. அந்த நெனப்பு இருக்குது. எப்படிச் சொல்றது, அங்க எதுவும் என்னைய இழுக்கலை.” அவர் நிறுத்தினார். “வருத்தப்படறயா?”

அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது. பீளமேட்டு வீட்டையும் அந்தப் பலகையையும் நினைத்துக்கொண்டு அவள் இங்கே காத்திருந்த காலத்தில், அவருக்கு அங்கே ஒரு வீடு உண்டாகிவிட்டிருந்தது. அவரும் அவளை நினைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் இருந்தது அங்கே. அதை யாராலும் மாற்ற முடியாது. எழுந்து போய் இரண்டு காப்பி போட்டு எடுத்து வந்தாள். இருவரும் குடித்தார்கள். தம்ளரை அவர் விடுவதற்கு முன் அவள் வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நடக்கப் பழகுவதற்கு ஒரு நீச்சல் குளம் இருந்தது. அதைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஆனால் அவருக்குத் தண்ணீர் என்றால் வார்ப்பது என்றுதான் அவள் மனதில் பதிந்திருந்தது. மறுநாள் காலை அங்கே கூட்டிப் போனாள். உதவியாளர் அவரைச் சாய்வுப் படுக்கையில் வைத்து மெல்ல மெல்ல உள்ளே இறக்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. படுக்கை கீழே நழுவிப் போயிற்று. மருதாசலத்தின் மெலிந்த கால்கள் தாமாக மேலே எழுந்தன. கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து மிதந்தன. விரல்கள் லேசாக மடங்கியிருந்தன.

கடலில் இறங்கிய நாளிலிருந்து அவர் நெற்றியில் இருந்த ஒரு சுருக்கம் அப்போதுதான் அவிழ்ந்தது. அந்த முகத்தை அவள் திரையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறாள்.

“நீயும் வா,” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“மாத்துத் துணி கொண்டு வரலீங்.”

“நீ மேல வந்தியே, இது எப்படி இருக்கும்னு அப்பப் பாத்தியா?”

அவள் பார்க்கவில்லை. அந்த இரண்டு வாரமும் குமட்டலும் வேலையும் கோபமுமாகப் போய்விட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுடிதாரோடு படியில் இறங்கினாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. நீச்சல் தெரியாது. தண்ணீரை ஏற்றவும் இறக்கவும் வார்க்கவும் தெரிந்தவள், அதன் மேல் படுத்ததில்லை. கழுத்தளவு வந்ததும் பயந்துபோய் ஓரத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கையை நீட்டி அவள் முதுகுக்குக் கீழே கொடுத்தார். வெளியே ஒரு தம்ளரைத் தூக்குவதற்கே சிரமப்படும் கை அது. தண்ணீருக்குள் அது அவளைத் தாங்கியது.

“கம்பியை விட்ரு அம்மிணி. ஒண்ணும் ஆகாது. நான் இத்தனை காலம் இருந்தேனல்ல.”

அவள் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கால் தரையை விட்டது. காதுக்குள் தண்ணீர் புகுந்து வெளிச் சத்தமெல்லாம் அடங்கியது. மேலே ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கூரை மட்டும் இருந்தது. அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சற்று நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை.